பெடல் ஸ்டீல் கிட்டார்: எதில் உட்கார்ந்து வாசிப்பது?

பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கத் தீர்மானித்தவர் ஆயிரம் கேள்வி கேட்பார். ஒற்றை நெக் (கம்பி வரிசை) போதுமா, இரட்டை வேண்டுமா? எந்த வால்யூம் பெடல்? என்ன ஆம்ப்? எதில் உட்காருவது என்று மட்டும் கேட்க மாட்டார். வீட்டில் இருக்கிற நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று விட்டுவிடுவார். சாதாரண கிட்டாருக்கு அது சரிதான், கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகூட வாசிக்கலாம். இந்தக் கருவிக்கு அது நடக்காது. ஏன் நடக்காது என்று புரிந்துவிட்டால் எந்த இருக்கை வாங்குவது என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கொஞ்சம். நான்கு கால்களில் நிற்கும் நீண்ட, குறுகலான உடல். அதன் மேல் பத்துக் கம்பிகள். இடது கையில் உருளையான எஃகுத் துண்டு ஒன்று. ‘பார்’ என்பார்கள். அதைக் கம்பிகளின் மேல் வைத்து வழுக்கித்தான் சுரம் பிடிக்க வேண்டும். வலது கை விரல்களில் பிக் மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். சித்திரவீணை கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் புதிதில்லை. ஆனால் சித்திரவீணைக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு நாம் இங்கே பேசப்போகும் பிரச்சினையே கிடையாது.

பெடல் ஸ்டீலில் கைகளோடு வேலை முடிவதில்லை. நாட்டுப்புற அமெரிக்க இசையான கன்ட்ரியில் அதிகம் புழங்கும் ஈ9 ட்யூனிங்கை, அதாவது கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு முறையை, எடுத்துக்கொள்வோம். தரைக்குச் சற்று மேலே ஏ, பி, சி என்று மூன்று பெடல்கள். இவை இடது காலுக்கு. ஏ பெடலை மிதித்தால் பி சுரத்தில் இருக்கும் கம்பிகள் சி ஷார்ப்புக்கு ஏறும். பி பெடலை மிதித்தால் ஜி ஷார்ப் கம்பிகள் ஏ சுரத்துக்கு ஏறும். அப்புறம் கிட்டாரின் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தொங்கும் லீவர்கள். இடது முழங்காலை இடப்பக்கம் தள்ள ஒன்று, வலப்பக்கம் தள்ள ஒன்று, சில கருவிகளில் முழங்காலை மேலே தூக்கி அழுத்த இன்னொன்று. வலது முழங்காலுக்கும் இருபுறமும் ஒவ்வொன்று. வலது பாதமோ எப்போதும் வால்யூம் பெடலின் மேல் இருக்கும். இரட்டை நெக் கருவி என்றால் சி6 ட்யூனிங்குக்கென்று வழக்கமாக இன்னும் ஐந்து பெடல் சேர்ந்து, மொத்தம் எட்டாகிவிடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால், ஆறுக்கும் வேலை இருக்கிறது. சாதாரணமாக நாற்காலியில் உட்காரும்போது நம் எடையில் ஒரு பகுதியைப் பாதங்கள் தரையில் ஊன்றித் தாங்கும். பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பதும் அவைதான். இங்கே பாதங்களுக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது. கையை எங்காவது ஊன்றவும் முடியாது. ஆக, உடம்பு முழுவதும் பிட்ட எலும்பு இரண்டின் மேல்தான் நிற்கிறது. கருவிக்கும் வாசிப்பவருக்கும் நடுவே நிலையாக இருக்கும் ஒரே பொருள் இருக்கைதான். இருக்கையைக் கருவியின் ஒரு பாகமாகவே நினைப்பது நல்லது என்று சொல்வேன்.

இந்தச் சிக்கல் பெடலோடு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் ஸ்டீல் கிட்டார் உருவானபோது அதை மடியில் கிடத்தி வாசித்தார்கள். மடி இருந்தால் போதும், நாற்காலி எதுவானால் என்ன. பிறகு கருவிக்குக் கால் வைத்தார்கள். 1950களில் வந்த ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர் போன்ற பெடல் இல்லாத கருவிகளின் கால்களை நீட்டிவிட்டு நின்றுகொண்டே வாசிக்கலாம். பெடல் அதற்கு முன்பே சில கருவிகளில் இருந்தாலும், 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து சுரத்தை வளைத்ததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர் ஒரே பெடலில் செய்ததைப் பட்டி எம்மன்ஸும் ஜிம்மி டேயும் இரண்டு பெடலாகப் பிரித்தார்கள். இருவரும் பெடல்களை நேர்மாறான வரிசையில் வைத்துக்கொண்டதால் இன்றும் ‘எம்மன்ஸ் வரிசை’, ‘டே வரிசை’ என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. பெடல் இரண்டானதும் பாதத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து மிதிக்கும் பழக்கம் வந்தது. முழங்கால் லீவர்களும் சேர்ந்தபின், உட்கார்ந்தால்தான் வாசிக்க முடியும் என்றாகிவிட்டது.

தேவாலய இசையிலிருந்து வந்த ராபர்ட் ரண்டால்ஃப் உற்சாகம் பொங்கினால் இருக்கையை விட்டு எழுந்து ஆடிக்கொண்டே வாசிப்பார். பார்க்க அருமையாக இருக்கும். கற்றுக்கொள்ளத் தொடங்கும்போது அதைப் பின்பற்ற வேண்டாம்.

உயரம்தான் முதலில்

கடைக்குப் போனதும் எல்லோரும் இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். மெத்தென்று இருக்கிறதா என்று. மெத்தை கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் உயரம், அடுத்து பக்கவாட்டு உறுதி. இந்த வரிசை மாறினால் பணம் வீண்.

உயரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. முழங்கால் கிட்டாரின் அடியில் இடிக்கிறது, ஆகவே தாழ்வான இருக்கை வேண்டும் என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதம் தரையிலோ பெடலிலோ இருக்கிறது. கெண்டைக்கால் ஏறக்குறைய நேராக நிற்கிறது. அப்படியானால் முழங்கால் எந்த உயரத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கெண்டைக்காலின் நீளம். இருக்கையைத் தாழ்த்தினால் இடுப்புதான் இறங்கும், முழங்கால் அதே இடத்தில் நிற்கும். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளையும். அரைமணி நேரத்தில் வலி தொடங்கிவிடும்.

முழங்கால் உண்மையிலேயே இடித்தால் உயர்த்த வேண்டியது கிட்டாரை. அதன் கால்களை ஓரளவு நீட்ட முடியும். ஆனால் உடலை உயர்த்தினால் பெடலை மேலே இணைக்கும் கம்பிகளும் அதற்கேற்ப நீளமாக வேண்டும், இல்லாவிட்டால் பெடல் முனைகள் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். உயரமானவர்கள் கருவியை ஆர்டர் கொடுக்கும்போதே ஓரிரு அங்குலம் கூடுதலாக, அதற்கேற்ற கால்களும் பெடல் கம்பிகளும் வைத்துச் செய்யச் சொல்வது இதனால்தான். பழைய கருவி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் வைத்திருந்தவர் ஆறரை அடி ஆளாக இருந்திருக்கலாம்.

இன்னொரு நுணுக்கம் வலது காலில். வால்யூம் பெடலுக்கென்று ஓர் உயரம் உண்டு. அதன் மேல் பாதம் வைத்தால் வலது முழங்கால் இடதை விட மேலே வந்துவிடும். இடது காலுக்குச் சரியாக இருக்கிற அமைப்பில் வலது தொடை மட்டும் கிட்டாரின் அடியை உரசும். இப்படி ஒரு காலில் மட்டும் தொந்தரவு என்றால் இருக்கையைக் குறை சொல்லாதீர்கள், தாழ்வான வகை வால்யூம் பெடல்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. குட்ரிச் நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்கிறது.

கிட்டாரின் உயரம் முழங்காலுக்குப் பொருந்திவிட்டதா? இப்போது இருக்கை. அதன் உயரத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ ஒரு விரல்கடை மேலாகவோ இருக்க வேண்டும். தோளைத் தூக்காமல் முழங்கையை மடக்கினால் முன்கைகள் கம்பிகளின் மேல் தானாக வந்து விழ வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தால் பாரைப் பிடித்த கை தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மிக உயரமாக இருந்தால் கம்பியைப் பார்க்கக் கழுத்தைத் தொங்கப்போட வேண்டிவரும். தரைக்கும் தொடைக்கும் இடையே தூரம் கூடிவிடுவதால் இடது குதிகாலும் தரையை விட்டு மிதக்கும்.

குதிகால் மிதப்பது சின்ன விஷயமில்லை. ஏ, பி பெடல்களுக்கு நடுவே பாதத்தைச் சாய்க்கும்போது குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் கணுக்கால் மட்டும் அசைந்தால் போதும். மிதந்தால் முழுக்காலையும் தொடையிலிருந்து தூக்கி இறக்க வேண்டும். ஒரு பாட்டுக்குத் தாங்கும். மூன்று மணி நேரக் கச்சேரிக்குத் தாங்காது.

சராசரி உயரமுள்ள பெரியவர்களுக்கு 18 முதல் 20 அங்குலத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் சரியாக அமையும். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் பெரும்பாலும் 18 அங்குலம், அதாவது 45 சென்டிமீட்டரை ஒட்டியிருப்பதால் பலருக்கு அவை ‘கிட்டத்தட்ட சரி’ என்று தோன்றும். அந்தக் கிட்டத்தட்டவை அளந்து தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. கை வைக்காத, தட்டையான, கெட்டியான நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது போடுகிற அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள். இதை மறந்தால் அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை தப்பும். நாற்காலியின் மேல் பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அடுக்கியபின் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் வாசியுங்கள். பிளைவுட் இல்லையென்றால் தடித்த பழைய அட்டைப் புத்தகங்கள். உடம்பு ‘இதுதான்’ என்று சொல்லும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதி வையுங்கள்.

கடையில் போய் அந்த அளவில் மெத்தை வைத்த இருக்கையை வாங்கினால் மறுபடி தப்பும். ஃபோம் நம் எடையில் அமுங்கும். தளர்ந்த ஃபோமாக இருந்தால் ஓரங்குலம் சாதாரணமாக இறங்கும். யாரையாவது உட்கார வைத்து அமுங்கியபின் இருக்கும் உயரத்தை அளப்பதுதான் முறை. உயரம் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்

நாற்காலி செய்பவர்கள் மேலிருந்து கீழே இறங்கும் எடையை நினைத்துத்தான் செய்கிறார்கள். அட்டையில் ‘120 கிலோ தாங்கும்’ என்று போட்டிருப்பதும் அந்த எடைதான். பெடல் ஸ்டீலில் கதையே வேறு. இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளி லீவரை அழுத்துகிறீர்கள். நீங்கள் லீவரைத் தள்ளினால் லீவர் உங்களை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளு உங்கள் இடுப்பு வழியாக இருக்கையின் மேற்பரப்புக்குப் போகிறது. அங்கிருந்து கால்கள் வழியாகத் தரைக்கு. நடுவில் எந்த மூட்டு தளர்ந்திருந்தாலும் அங்கே ஆட்டம் கொடுக்கும்.

ஆடினால் ஆடட்டும், விழவா போகிறோம் என்று கேட்கலாம். விழ மாட்டோம், சுருதிதான் விழும். முழங்கால் லீவரின் மொத்த ஓட்டமே அதிகம் போனால் ஓரிரு அங்குலம். அதில் கொஞ்சத்தை இருக்கையின் ஆட்டம் தின்றுவிட்டால், முழங்கால் தள்ளிய தூரம் ஒன்று, லீவருக்குப் போய்ச் சேர்ந்த தூரம் இன்னொன்று. மெதுவான பாட்டில் ஒரு சுரத்தை இழுத்து இழுத்து ஏற்றும்போது அது நடுவில் ஒரு குலுக்கலோடு ஏறும்.

இதை நன்றாக உணர்த்தும் இடம் ஒன்று இருக்கிறது. வலது முழங்காலை வலப்பக்கம் தள்ளும் லீவரில், பரவலாக உள்ள ஓர் அமைப்பின்படி, இரண்டாவது கம்பி டி ஷார்ப்பிலிருந்து டி-க்கு இறங்கும். இன்னும் தள்ளினால் சி ஷார்ப்புக்கு இறங்கும். நடுவில் டி வரும் இடத்தில் லேசான தடை ஒன்று முழங்காலுக்குத் தட்டுப்படும். ‘ஹாஃப் ஸ்டாப்’ என்பார்கள். அந்தத் தடையை உணர்ந்து அங்கேயே நிறுத்த வேண்டும். இருக்கை ஆடினால் அந்தத் தட்டுப்படல் தெரியாது, தாண்டிப் போய்விடும். கருவியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகும் முன், ஒரு கனமான பியானோ பெஞ்சில் உட்கார்ந்து அதே இடத்தை வாசித்துப் பாருங்கள்.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஏன் கூடாது என்று இனி விளக்க வேண்டியதில்லை. சுழலும் ஸ்டூலும் அப்படித்தான். முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் உடம்பு வலப்பக்கம் திரும்பும், பார் பிடித்த கை கம்பிக்கு நேராக இல்லாமல் சாய்ந்துவிடும். கம்பிகளின் மேல் பார் கோணலானால் பத்துக் கம்பிக்கும் பத்துச் சுருதி.

உறுதியைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. கடையிலேயே இருக்கையில் உட்காருங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு முழங்கால்களை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இருக்கை நடனமாடினால் வேண்டாம். பாதங்களைத் தூக்கியதும் நீங்கள் பின்னால் சாய்ந்துபோகிறீர்கள் என்றால், அதன் தளம் பின்பக்கம் சரிவாக இருக்கிறது என்று அர்த்தம். இரும்பு மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் இப்படித்தான். கல்யாண மண்டபத்தில் கூட்டம் கேட்க உட்காருபவருக்கு அந்தச் சரிவு சுகம். முன்னால் குனிந்து வேலை செய்பவருக்கு அதுவே எதிரி.

தளம், விளிம்பு, உறை

மெத்தைக்கு வருவோம். அதிக மென்மை கூடாது. பிட்ட எலும்புகள் அமிழ்ந்து அடிப்பலகையைத் தொட்டுவிட்டால் அந்த மெத்தை இருந்தும் பயனில்லை. அடர்த்தியான ஃபோம் இரண்டு அங்குலம் போதும். உட்கார்ந்ததும் ‘கொஞ்சம் கெட்டியோ’ என்று தோன்றுவதுதான் ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும்.

முன்விளிம்பை அவசியம் தடவிப் பாருங்கள். கூர்மையான விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை வெட்டும். இடது தொடை ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே அழுத்தம் விழுந்து விழுந்து கால் மரத்துப்போகும். மரத்துப்போன காலால் பெடலை எப்படி உணர்வது? விளிம்பு உருண்டு கீழே வளைந்திருக்க வேண்டும். தளத்தின் ஆழமும் குறைவாக இருப்பது நல்லது. சாப்பாட்டு நாற்காலியின் முழு ஆழத்துக்கும் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் தொடை முழுவதும் பலகையில் மாட்டிக்கொள்ளும். 12 முதல் 14 அங்குல ஆழம் என்றால் பிட்டம் மட்டும் இருக்கையில், தொடைகள் சுதந்திரமாக.

உறை ரெக்ஸினா துணியா? ரெக்ஸின் துடைக்க எளிது. ஆனால் வியர்த்தால் வழுக்கும், லீவரைத் தள்ளும்போது உடம்பு நகர்ந்துகொண்டே போகும். நம் ஊர் வெக்கையில் வாசிப்பவர் என்றால் சொரசொரப்பான துணி உறைதான். ரெக்ஸின் இருக்கை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டால் மேலே ஒரு கெட்டித் துணியை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

கைப்பிடி கூடவே கூடாது, முழங்கை இடிக்கும். முதுகுச் சாய்மானம் அவரவர் விருப்பம். வாசிக்கும்போது யாரும் சாய்வதில்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவே சாய்ந்துகொள்ளச் சிலருக்குப் பிடிக்கும். இடுப்பு வலி உள்ளவர்களுக்குச் சின்னதாக ஒன்று இருந்தால் தேவலை.

என்னென்ன வகை

ஸ்டீல் கிட்டார்க்காரர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது ‘பேக்-எ-சீட்’. மரப்பெட்டி ஒன்று, மூடியின் மேல் மெத்தை, அடியில் திருகிக் கழற்றக்கூடிய நான்கு கால்கள். மூடியைத் திறந்தால் உள்ளே வால்யூம் பெடல், பார், விரல் பிக், கேபிள், மாற்றுக் கம்பி எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கிட்டார் செய்யும் சில பட்டறைகள் கருவியின் நிறத்துக்கே இதையும் செய்து தருகின்றன. கைப்பிடி இல்லை, ஆழம் குறைவு, தட்டையான தளம், சுழலாது. மேலே சொன்ன தேவைகள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தது போல இருக்கும். பெடல் ஸ்டீல்காரர்கள் தாங்களே செய்துகொண்டது, வேறெப்படி இருக்கும்? குறை என்றால் இரண்டு. பெரும்பாலானவற்றின் உயரம் நிலையானது, ஆகவே அளவு தெரியாமல் வாங்கக் கூடாது. அப்புறம் எடை. சாமான் நிறைந்த பெட்டியைத் தூக்க ஒரு கை போய்விடும். இரட்டை நெக் கருவிகள் பலவும் தம் பெட்டியோடு 30 கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் மாடிப்படி ஏறும்போது கண்ணீர் வரும்.

டிரம் ஸ்டூலுக்கு நல்ல பெயர் உண்டு. டிரம் வாசிப்பவருக்கும் இரண்டு பாதமும் பெடலில்தான், அதனால் அடிப்படைத் தேவை ஒன்றுதான். எளிதில் கிடைக்கும், உயரம் மாற்றலாம். திருகு வைத்த நடுத்தண்டு உள்ளதையும், திருகு இறங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு உள்ளதையும் பார்த்து வாங்குங்கள். பூட்டு இல்லாவிட்டால் சுழலச் சுழல உயரமும் மாறிக்கொண்டே போகும். கால்கள் ஒற்றைத் தகடாக இல்லாமல் இரட்டைத் தகடாக இருப்பது முக்கியம். மூன்று காலுள்ளதை விட நான்கு காலுள்ளது பக்கவாட்டில் கெட்டி. தொடைக்குப் பள்ளம் வைத்த டிராக்டர் சீட் வடிவம் சிலருக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் உள்ள மேடு இடுப்பை ஒரே இடத்தில் பூட்டி வைக்கிறது என்று வேறு சிலர் அதை ஒதுக்குவார்கள். இரட்டை நெக்கில் ஈ9 பெடல்களிலிருந்து சி6 பெடல்களுக்கு இடது காலை நகர்த்துபவர்களுக்கு அந்த மேடு இடைஞ்சல்தான். அவர்களுக்கு வட்டமான, சற்று அகலமான தளம் மேல்.

கீபோர்டு வாசிப்பவர்களின் எக்ஸ் வடிவ மடக்கு பெஞ்ச் விலை குறைவு, காரில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். புதிதாக வாங்கும்போது நன்றாகவே நிற்கும். ஆனால் நடுவில் இருக்கும் ஒற்றை ஆணிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. முன்பின்னாக வரும் விசையை எக்ஸ் வடிவம் ஒருவாறு சமாளிக்கும், பக்கவாட்டில் தள்ளத் தள்ள அந்த ஆணியின் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். இதைத்தான் வாங்க முடியும் என்றால் இரட்டை எக்ஸ் உள்ளதாக வாங்குங்கள்.

வீட்டை விட்டு வெளியே போய் வாசிக்கும் எண்ணம் இல்லாதவருக்கு என் ஓட்டு பியானோ பெஞ்சுக்கு. இரு பக்கமும் குமிழைத் திருகி உயரம் மாற்றும் வகை. கனமாக இருக்கும், அசையாது, உயரத்தை நூலளவு துல்லியமாக வைக்கலாம். அகலம் அதிகமாக இருப்பதால் இரட்டை நெக்கில் நகர்ந்து உட்காரவும் வசதி.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. கைப்பிடி இருக்கும், தளம் பின்னால் சரிந்திருக்கும், கால்கள் வளைந்து கொடுக்கும். மூன்றும் நமக்கு ஆகாதவை.

தச்சரைத் தெரியுமென்றால் சொந்தமாகச் செய்துகொள்வது கடினமில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி, உள்பக்க மூலைகளில் மரக்கட்டை வைத்துப் பிணைப்பு, மேலே அடர்த்தியான ஃபோம். கால்களை நேராக இறக்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் விரித்து வைக்கச் சொல்லுங்கள். தரையில் படும் நான்கு புள்ளிகள் தளத்தை விட அகலமாக இருந்தால்தான் பக்கத் தள்ளலைத் தாங்கும். காலைத் திருகும் இரும்புப் பட்டையை மரத்தில் வெறும் ஸ்குரூவால் அடிக்க விடாதீர்கள். ஊடுருவிப் போகும் போல்ட்டும் நட்டும் போட வேண்டும். ஸ்குரூ ஆறு மாதத்தில் மரத்தைத் தின்று தளர்ந்துவிடும். உயரத்தை நீங்கள் பிளைவுட் அடுக்கி அளந்த கணக்கிலிருந்து, மெத்தை அமுங்குவதற்கும் இடம் விட்டுக் கொடுங்கள். கால் முனைகளில் ரப்பர் புஷ் மாட்டுங்கள்.

கிறீச் சத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீல் கிட்டாரின் பிக்கப் கம்பியின் அசைவை மட்டும் எடுப்பதால் இருக்கையின் சத்தம் அதில் விழாது. ஆனால் அதே அறையில் பாடுபவரின் மைக் அதை அழகாக எடுத்துவிடும். பாட்டின் மெல்லிய இடத்தில்தான் லீவரை மெதுவாகத் தள்ளுவீர்கள், கிறீச் வருவதும் அப்போதுதான். மூட்டுகளை முறுக்கி வைப்பதும், மரத்தோடு மரம் உரசும் இடத்தில் கொஞ்சம் மெழுகு தேய்ப்பதும் போதும்.

எங்கே போடுவது

நல்ல இருக்கை வாங்கியும் அதைத் தப்பான இடத்தில் போட்டால் முழங்கால் லீவரைத் தேடி அலையும். பொதுவாக உடம்பின் நடுக்கோடு 12ஆம் ஃபிரெட்டுக்கும் (சுர இடத்தைக் காட்டக் கம்பிகளின் அடியில் போட்டிருக்கும் கோடு) 15ஆம் ஃபிரெட்டுக்கும் நடுவில் வருவது வழக்கம். ஆனால் ஃபிரெட்டைப் பார்த்து உட்காருவதை விட இடது காலைப் பார்த்து உட்காருவது சரி. இடது பாதத்தை ஏ, பி பெடல்கள் இரண்டின் மேலும் படும்படி வையுங்கள். அப்போது இடது முழங்கால் தன் இரு லீவர்களுக்கும் நடுவில், இரண்டிலும் படாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் வரை இருக்கையை நகர்த்துங்கள். வலது கால் பெரும்பாலும் தானாகப் பொருந்திவிடும், ஏனென்றால் வால்யூம் பெடலை எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்திலும் இடது முழங்கால் பொருந்தவில்லையென்றால் லீவர்களையே கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும், பல கருவிகளில் அதற்கு வசதி உண்டு.

முன்பின் தூரமும் முக்கியம். கிட்டாருக்கு மிக நெருங்கினால் வலது முழங்கை விலாவில் இடிக்கும், தள்ளிப்போனால் முதுகு குனியும். முழங்கைகள் விலாவுக்குச் சற்று முன்னால் வரும்படி வைத்துக்கொண்டால் கைகள் தொங்கலாக இருக்கும்.

கிட்டாரையும் இருக்கையையும் ஒரே கம்பளத்தின் மேல் வைப்பது நல்ல பழக்கம். பெடலை மிதிக்க மிதிக்கக் கிட்டார் முன்னால் நகரப் பார்க்கும். உங்கள் எடை கம்பளத்தின் மறுமுனையை அழுத்திப் பிடித்திருப்பதால் அது நகராது. சரியான இடம் கிடைத்ததும் இருக்கையின் நான்கு கால்களும் கிட்டாரின் நான்கு கால்களும் படும் இடத்தில் கம்பளத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு நிறத்தில் கிட்டாருக்கு, இன்னொரு நிறத்தில் இருக்கைக்கு. வால்யூம் பெடலுக்கும் ஒரு கோடு. வெளியூர் மேடையில் கம்பளத்தை விரித்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், ட்யூனிங்குக்கு நேரம் மிச்சம்.